அசையாமல் வைத்திருந்த ஐந்து வாரங்கள்

2023 மே மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, சென்னையில் ஒரு திருமணத்தை முடித்துக்கொண்டு காரில் திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கணவர் ஓட்டினார், முன்னிருக்கையில் மாமனார் இருந்தார், பின்னிருக்கையில் நானும் மகளும் இருந்தோம். உளுந்தூர்பேட்டைக்கு அருகே சுங்கச்சாவடி வரிசையில் எங்கள் வண்டி நின்றுவிட்டது. எனக்கு இடப்பக்கம் அமர்ந்திருந்த மகள் தூக்கத்தில் சரிந்துகொண்டிருந்தாள். அவளை நிமிர்த்தி உட்காரவைப்பதற்காக நான் தலையைத் திருப்பிய நேரத்தில், பின்னால் வந்த சரக்கு வேன் எங்கள் வண்டியின் மீது மோதியது. வேகம் அதிகமில்லை. பின்கதவு நசுங்கி, ஒரு விளக்கு உடைந்ததே தவிர, யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

யாரோ அழைத்து 108 ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்த பணியாளர் எங்கள் ஒவ்வொருவரின் கழுத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "எதற்கும் மருத்துவமனைக்கு வந்து ஒருமுறை காட்டிவிட்டுப் போங்கள் அம்மா" என்றார். வலியே இல்லாத எனக்கு அது வேண்டாத அலைச்சலாகத் தோன்றியது. மாமனாருக்கு இரவு மாத்திரை போடும் நேரமும் நெருங்கிக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டோம். அன்று செய்த அந்தத் தவற்றுக்காக அடுத்த ஓராண்டில் பலமுறை வருந்தியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. இரண்டு கைகளாலும் பின்மண்டையைத் தாங்கிப் பிடித்து, ஒருக்களித்துப் புரண்டு, பிள்ளையைத் தூக்குவது போல என் தலையை நானே தூக்கிக்கொண்டு எழுந்தேன். பின்கழுத்திலிருந்து இடத் தோள்பட்டை வரை கம்பியை வைத்து இறுக்கியது போலிருந்தது. பிடரியில் தொடங்கிய தலைவலி நெற்றிவரை வந்தது. வலி இப்படி ஒரு நாளோ இரண்டு நாளோ தாமதித்து வருவது, 'விப்லாஷ்' எனப்படும் இவ்வகைக் கழுத்துக் காயத்தின் இயல்பு என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். தசைகளிலும் தசைநார்களிலும் ஏற்பட்ட நுண்ணிய கிழிசல்கள் வீங்குவதற்கு அந்த நேரம் தேவைப்படுகிறது. சம்பவ இடத்தில் வலி இல்லை என்பதற்காகக் காயமும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

மற்ற மூவருக்கும் ஒன்றுமில்லாதபோது எனக்கு மட்டும் ஏன் என்று பல நாள் நினைத்துக் குமைந்திருக்கிறேன். அதற்கு விடை இருக்கிறது. பின்னாலிருந்து மோதும்போது இருக்கை நம் உடலை முன்னே தள்ளுகிறது; தலையோ இருந்த இடத்திலேயே தங்கிவிடுகிறது. ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ள தலைக்கும் முன்னே நகரும் உடலுக்கும் இடையில் சிக்கும் கழுத்து, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஆங்கில எழுத்தான 'எஸ்' போல வளைகிறது: கீழ்க்கழுத்து பின்னால் மடங்க, மேல்கழுத்து முன்னால் மடங்குகிறது. இயல்பு வாழ்க்கையில் எந்த அசைவிலும் கழுத்து இப்படி இருவேறு திசைகளில் வளைவதில்லை. தலைக்குப் பின்னால் உடனே தாங்கிக்கொள்ள ஒரு திண்டு இருந்தால் இந்த வளைவு பெரும்பாலும் தடுக்கப்படும். முன்னிருக்கைகளில் அது சரியான உயரத்தில் இருந்தது. மகள் உயரம் குறைந்தவள். இருக்கையின் முதுகே அவள் தலைக்குத் தாங்கலாக அமைந்துவிட்டது. எங்கள் பழைய வண்டியின் பின்னிருக்கைத் திண்டு என் பிடரிக்கும் கீழேயே முடிந்துவிட்டது. போதாக்குறைக்கு மோதிய கணத்தில் என் தலை திரும்பியும் இருந்தது. திரும்பிய நிலையில் கழுத்தின் மூட்டுகள் ஏற்கெனவே முறுக்கேறி இருப்பதால் அடி கூடுதலாக விழும் என்று மருத்துவர் விளக்கினார்.

அன்று காலையே வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குச் சென்றோம். எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு முறிவு இல்லை. "கழுத்தெலும்பின் இயல்பான வளைவு நேராகிவிட்டது" என்று அறிக்கை வந்தது. ஒரு மாதத்துக்குக் கழுத்துப்பட்டையைக் கழற்றவே கூடாது என்று சொல்லி, வலி மாத்திரையும் தசையிறுக்கம் தளர்வதற்கான மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். 'காலர்' என்று நாம் எல்லோரும் சொல்லும் அந்தப் பட்டையை ஐந்து வாரம் அணிந்தேன். குளிக்கும்போதுகூட ஈரத்துணியால் துடைத்துக்கொண்டேனே தவிர, அதை முழுதாகக் கழற்றியதில்லை. கழற்றினால் தலை சரிந்து விழுந்துவிடும் என்று உண்மையாகவே நம்பினேன்.

இரண்டாவது வாரத்தில், வலி குறையவில்லையே என்ற கவலையில், மருத்துவர் எழுதித் தராமலே ஒரு பரிசோதனை நிலையத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டேன். 'சி5–சி6 வட்டு பிதுக்கம்' என்று எழுதியிருந்த ஒற்றை வரி என் உறக்கத்தைக் கெடுத்தது. கழுத்தின் ஐந்தாம், ஆறாம் எலும்புகளுக்கு இடையில் மெத்தை போல இருக்கும் வட்டு சற்றே வெளியே துருத்தியிருக்கிறது என்பது அதன் பொருள். கை கால் விளங்காமல் போய்விடுமோ என்று நடுஇரவில் எழுந்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொள்வேன். ஜப்பானில் கழுத்துத் தொல்லை எதுவுமே இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது, அவர்களில் 87.6 விழுக்காட்டினருக்கு இதே பிதுக்கம் இருந்தது. நாற்பதைக் கடந்த ஒருவரின் கழுத்தில் வட்டுப் பிதுக்கம் என்பது தலையில் நரைமுடி தென்படுவதைப் போன்றது. இதை யாராவது அன்றே எனக்குச் சொல்லியிருந்தால் எத்தனையோ இரவுகள் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். எக்ஸ்ரேயில் வளைவு நேராகத் தெரிவதும் அப்படித்தான். படம் எடுக்கும்போது வலியால் விறைப்பாக நிற்பவர் எவருக்கும் அது தெரியலாம்.

படங்களைவிட முக்கியமானவை அறிகுறிகள். கையிலோ காலிலோ பலம் குறைதல், மரத்துப்போதல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, நடை தள்ளாடுதல், சிறுநீர் மலம் அடக்க முடியாமை, இதுவரை அனுபவித்திராத கடுமையான தலைவலி, பேச்சுக் குழறல், பார்வை இரண்டாகத் தெரிதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலை. கழுத்தை அசைத்துப் பார்க்கவே கூடாது. கனடாவில் 2001இல் வகுக்கப்பட்டு இன்று பல நாடுகளின் அவசரப் பிரிவுகளில் பின்பற்றப்படும் விதியும் இதை ஒட்டியதுதான். 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள், அதிவேக மோதல் போன்ற கடும் விபத்தில் சிக்கியவர்கள், கை கால் மரத்தவர்கள் ஆகியோருக்குக் கட்டாயம் படம் எடுக்க வேண்டும் என்கிறது அது. மற்றவர்களிடம் சோதித்துப் பார்ப்பது பாதுகாப்பானது என்று மருத்துவர் உறுதிசெய்த பிறகு, இரு பக்கமும் 45 பாகை அளவுக்குத் தாமாகத் தலையைத் திருப்ப முடிகிறதா என்று பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். என்னிடம் இந்த ஆபத்து அறிகுறிகள் ஒன்றுகூட இருக்கவில்லை. இக்காயங்களை 1995இல் கியூபெக் வல்லுநர் குழு பிரித்த முறைப்படி என்னுடையது இரண்டாம் படி: வலி, இறுக்கம், அசைவுக் குறைவு மட்டும், நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் மூன்றாம் படி, எலும்பு முறிந்தோ விலகியோ இருந்தால் நான்காம் படி.

நான்காவது வாரத்தில், உறவினர்களின் வற்புறுத்தல் தாங்காமல், சுளுக்கு எடுப்பதில் பெயர்பெற்ற ஒரு முதியவரிடம் அழைத்துச் செல்லப்பட்டேன். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவைத்தவர், எப்படி அடிபட்டது என்று கேட்டார். கார் விபத்து என்றதும் கிண்ணத்தை மூடிவிட்டார். "படுத்த வாக்கில் பிடித்துக்கொண்ட கழுத்தைத் தடவிவிடுவேன். வண்டியில் அடிபட்ட கழுத்தை நான் திருப்ப மாட்டேன். பெரியாஸ்பத்திரிக்குப் போ தாயி" என்றார். காசும் வாங்கவில்லை. அந்தப் பெரியவருக்கு நான் பட்ட நன்றிக்கடன் பெரியது. கழுத்தெலும்புகளின் ஊடே மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் போகின்றன. விபத்தின் அதிர்ச்சியில் அவற்றின் உட்சுவர் லேசாகக் கிழிந்திருந்தால், சட்டென்று திருப்பிச் சொடக்கெடுக்கும்போது பக்கவாதமே வரலாம். முடிதிருத்தகங்களில் முடி வெட்டி முடித்ததும் தலையை இரு கைகளாலும் பிடித்து வெடுக்கென்று திருப்பி நெட்டி முறிக்கும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. விபத்தில் சிக்காதவர்களுக்கும் அதனால் இந்தக் கேடு நேர்ந்தது உண்டு என்பதால், என் தம்பிகள் இருவரிடமும் இனி அதற்கு இடம்கொடுப்பதில்லை என்று உறுதி வாங்கியிருக்கிறேன்.

அவர் சொன்ன பெரியாஸ்பத்திரியின் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்கு நான் போய்ச் சேர்ந்தது ஆறாவது வாரத்தின் தொடக்கத்தில். என்னைவிடப் பத்து வயதாவது இளையவரான சிகிச்சையாளர், நான் பள்ளி ஆசிரியை என்று அறிந்ததும் 'டீச்சர்' என்றே அழைத்தார். அறிக்கைகளைப் பார்த்து, கைகளின் பலத்தையும் உணர்வையும் சோதித்த பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி: "இதைக் கழற்றிவிட்டுக் கடைசியாக எப்போது திரும்பிப் பார்த்தீர்கள், டீச்சர்?" நினைவுக்கு வரவில்லை. காலரைக் கழற்றி மேசையில் வைக்கச் சொன்னார். தலை விழவில்லை. கோணமானியை உச்சந்தலையில் வைத்து அளந்தார்: வலப்பக்கம் 40 பாகை, இடப்பக்கம் 25. இயல்பில் ஒவ்வொரு பக்கமும் சுமார் 80 பாகை திரும்ப வேண்டும்.

அந்தக் குறைவில் ஒரு பகுதி விபத்தால் வந்தது. மற்றொரு பகுதி ஐந்து வாரம் அசையாமல் வைத்திருந்ததால் வந்தது என்று அவர் பொறுமையாக விளக்கினார். எலும்பு முறியாத இவ்வகைக் காயத்தில் மென்மையான காலர் குணத்தை விரைவுபடுத்துவதில்லை என்பது 1990களிலிருந்தே தெரிந்த செய்தி. தசைகள் மெலிகின்றன, மூட்டுகள் இறுகுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, அசைத்தால் ஆபத்து என்ற எண்ணம் மனத்தில் வேரூன்றிவிடுகிறது. முதல் சில நாட்களில் கடும் வலியின்போது சிறிது நேரம் அணிவதோடு நிறுத்தியிருக்க வேண்டிய ஒன்றை நான் உடலுறுப்பாகவே ஆக்கிக்கொண்டிருந்தேன்.

பயிற்சிகள் மிக எளியவை. எளியவை என்பதாலேயே முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மல்லாந்து படுத்து, தலையைத் தரையிலிருந்து தூக்காமல், 'ஆம்' என்று தலையசைப்பது போல மோவாயை மெல்ல உள்ளிழுத்துப் பத்து எண்ணும் வரை நிறுத்த வேண்டும்; இப்படிப் பத்து முறை. தொண்டைக்குப் பின்னால் எலும்பை ஒட்டி இருக்கும் ஆழ்தசைகளை எழுப்பும் பயிற்சி அது. விபத்துக்குப் பின் அந்தத் தசைகள் சோர்ந்துவிடுவதால் மேலே உள்ள பெரிய தசைகள் அவற்றின் வேலையையும் சுமந்து இறுகிப்போகின்றன. அடுத்து, உட்கார்ந்த நிலையில் வலி தொடங்கும் இடம் வரை இரு பக்கமும் மெதுவாகத் திரும்புதல். தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் ஒன்றுசேர்த்துப் பிடித்தல். பயிற்சி தொடங்கிய மூன்றாவது வாரத்துக்குப் பிறகு, நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தலை அசையாதபடி இலேசாக எதிர்த்து அழுத்துதல். ஒரே தடவையில் அரைமணி நேரம் செய்வதைவிட ஒரு நாளில் ஐந்தாறு முறை இரண்டிரண்டு நிமிடம் செய்வதே பலன் தந்தது. பள்ளி மணி அடிக்கும்போதெல்லாம் செய்வது என்று வைத்துக்கொண்டேன்.

எவ்வளவு வலியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற கேள்விக்கு அவர் தந்த அளவுகோல் எனக்கு மிகவும் உதவியது. பயிற்சியின்போது வலி சற்றே கூடலாம். ஆனால் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லை என்றால் அளவைப் பாதியாக்க வேண்டும். முழுவதுமாக நிறுத்திவிடக் கூடாது. வலி கைவழியே விரல்வரை ஓடினாலோ தலை சுற்றினாலோ மட்டும் நிறுத்திவிட்டு உடனே அவரிடம் வர வேண்டும். இதற்காக ஒரு கோடிட்ட நோட்டில் தினமும் இரவில், அன்றைய வலி பத்துக்கு எத்தனை என்று எழுதிவந்தேன். நாளுக்கு நாள் பார்த்தால் மாற்றமே தெரியாது. மாதக் கடைசியில் புரட்டிப் பார்க்கும்போதுதான் ஏழு என்ற எண் நான்காகியிருப்பது தெரியும்.

மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றில் போட்ட வலி மாத்திரையால் எனக்கு வயிற்றெரிச்சல் வந்து, அது அடங்க இரண்டு வாரம் ஆயிற்று. நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் மருந்துக்கடையில் தாமாக வாங்கிப் போட்டுக்கொள்வது ஆபத்தானது. எனக்கு இதமாக இருந்தது வெந்நீர் ஒத்தடமும், பயிற்சிக்கு முன் கழுத்தில் போட்டுக்கொள்ளும் சூடான ஈரத்துண்டும்தான். அவை குணப்படுத்துவதில்லை, ஆனால் பயிற்சி செய்யும் அளவுக்குத் தசையை இளக்கிவிடும்.

வீட்டுவேலைகளில் எது கழுத்தை வதைக்கிறது என்பதை நானேதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கொடியில் துணி காயப்போடுவதும், பரணிலிருந்து பாத்திரம் எடுப்பதும், தலைக்குக் குளித்துக் குனிந்து கூந்தலைத் துவட்டுவதும் மூன்று மாதம் வரை முடியவில்லை. கொடியை ஒரு முழம் தாழ்த்திக் கட்டினோம். தேங்காய் துருவும் வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். வருடக்கணக்கில் தலைக்கு வைத்த கெட்டி இலவம்பஞ்சுத் தலையணை என் தோள் அகலத்துக்கு மிக உயரமானது என்று தெரிந்ததும், பாதிப் பஞ்சை எடுத்துவிட்டு, கழுத்துக்கு அடியில் மட்டும் ஒரு துண்டைச் சுருட்டி உறைக்குள் செருகிக்கொண்டேன். பள்ளியில் விடைத்தாள் திருத்துவது பெரும்பாடாக இருந்தது. மாமனார் இராமாயணம் படிக்கும் சிக்குப்பலகையை எனக்குக் கொடுத்தார். தாள்களை அதில் சாய்த்துவைத்து எழுதத் தொடங்கிய பிறகு, குனிந்தே இருக்கும் நிலை தவிர்ந்தது. கரும்பலகையில் என் கண் மட்டத்துக்கு மேல் எழுதுவதை அந்த ஆண்டு முழுவதும் நிறுத்திவைத்தேன்.

கட்டுப்போடாத காயத்தை யாரும் நம்புவதில்லை என்பது இந்நாட்களில் எனக்கு நேர்ந்த பெருந்துயரம். காலர் இருந்தவரை பேருந்தில் எழுந்து இடம் கொடுத்தார்கள். காலரைக் கழற்றியதும், வலி அதேபோல் இருந்தாலும், குணமாகிவிட்டது என்று முடிவுகட்டிவிட்டார்கள். இன்னும் ஏன் விடுப்பு என்று பள்ளியிலும், இன்னுமா வலிக்கிறது என்று விசேஷ வீடுகளிலும் கேட்டார்கள். ஒருகட்டத்தில் நானே என் வலியைச் சந்தேகித்தேன். அருகில் இவ்வகைக் காயம் பட்டவர் இருந்தால், தயவுசெய்து அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். பெரும்பாலானவர்கள் சில வாரங்களிலிருந்து மூன்று மாதங்களுக்குள் தேறிவிடுகிறார்கள் என்பது உண்மை. ஓராண்டு கழிந்தும் ஓரளவு வலியோடு இருப்பவர்கள் கணிசமானவர்கள் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

அச்சத்துக்கும் சிகிச்சை தேவைப்பட்டது. காரில் ஏறினால் பின்னால் வரும் ஒவ்வொரு பிரேக் சத்தத்துக்கும் தோள்கள் காதுவரை ஏறிவிடும். அந்த இறுக்கத்திலேயே மறுநாள் வலி கூடிவிடும். சிகிச்சையாளரின் யோசனைப்படி, முதலில் நின்ற வண்டியில் பத்து நிமிடம் உட்கார்ந்தேன். பிறகு தெருவைச் சுற்றி வந்தோம். பிறகு ஸ்ரீரங்கம் வரை போய்வந்தோம். நெடுஞ்சாலையில் மீண்டும் பயணம் செய்ய எட்டு மாதமானது. இப்போது எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் தலைத்திண்டைப் பார்க்கிறேன். அதன் மேல்விளிம்பு உச்சந்தலை மட்டத்துக்கு இருக்க வேண்டும். பின்மண்டைக்கும் அதற்கும் இடைவெளி நான்கு விரற்கடைக்கு மேல் போகக் கூடாது. பெரும்பாலான வண்டிகளில் அது பொத்தானை அழுத்தினால் உயரும். வாங்கிய நாள் முதல் யாரும் உயர்த்தாமல் அடியிலேயே கிடக்கும். பின்னிருக்கையில் அமர்பவர்களும் இருக்கைவார் அணிய வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆவணங்கள் பற்றி ஒரு சொல். விபத்தன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்றிருந்தால் விபத்துப் பதிவேட்டில் பெயர் ஏறியிருக்கும், 'ஏ.ஆர். காப்பி' என்று வழங்கும் அதன் நகல்தான் பின்னால் எல்லாவற்றுக்கும் அடிப்படை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும்கூட முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. இரண்டையும் நான் இழந்தேன். மறுநாள் சென்ற இடத்தில் விபத்து என்று எழுதச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால், கடைசி வாரத்தில் மருந்துச் சீட்டுகளையும் ரசீதுகளையும் தேடித் திரட்டி வழக்கறிஞரிடம் ஒப்படைத்தோம்.

நான்காம் மாத முடிவில் இடப்பக்கம் 60 பாகை, ஓராண்டு முடிவில் 70. மார்கழிக் குளிரில் விடியற்காலையில் இடத் தோள் இன்னும் இறுகுகிறது. பத்து முறை 'ஆம்' என்று தலையசைத்த பிறகே படுக்கையை விட்டு எழுகிறேன்.

சென்ற ஆண்டு ஒருநாள் மாலை, எதிர்வீட்டு அக்கா என் பழைய காலரைக் கேட்டு வந்தார். அவருடைய தம்பி இருசக்கர வாகனத்தில் போய் விழுந்து, கழுத்து வலிக்கிறது என்று வீட்டில் படுத்திருந்தான். காலரைத் தேடுவதற்கு முன், அவனுக்கு விரல்கள் மரத்திருக்கின்றனவா என்று கேட்டுவரச் சொன்னேன். இரண்டு கையிலும் எறும்பு ஊர்வது போலிருக்கிறதாம். அவனை எழுப்பவோ கழுத்தைத் திருப்பவோ வேண்டாம், தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டே, செருப்புக்கூட அணியாமல் அக்காவோடு ஓடினேன். ஓடும்போதே மகள் 108ஐ அழைத்துவிட்டாள்.